தோட்டத்து நாயின் கண்ணும் தாமான் நாயின் கண்ணும்

மலேசியாவின் கெடாவில் நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களை இரண்டு இடங்களில் பார்க்கலாம். ஒன்று, பீடோங், பாடாங் செராய், கோலகெட்டில் பக்கம் எஞ்சியிருக்கும் தோட்டத்து லயங்கள். மற்றொன்று, சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் நகரங்களின் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள். பல நேரம் இவை ஒரே குடும்பத்தின் இரண்டு தலைமுறைகள். தாத்தா வளர்த்தது காவலுக்கு நாட்டு நாய். பேரப்பிள்ளைகள் வளர்ப்பது சிட்சூ, பக். இரண்டுக்கும் கண் கெடுகிறது, ஆனால் காரணமும் வேகமும் ஒன்றல்ல. இதைப் பிரித்துப் பார்க்காமல், வடக்கே ஒரு கண் நிபுணர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தோட்டத்து நாய்க்குக் கேடு வெளியிலிருந்து வருகிறது. செம்பனைக் காட்டில் எலி அதிகம். எலி இருக்கும் இடத்தில் நாகமும் இருக்கும். தீபகற்பத்தில் வாழும் கருநிற நாகம் கடிக்காமலேயே எதிரியின் முகத்துக்கு நேராக நஞ்சைப் பீய்ச்சக்கூடியது. பாம்பைக் கண்ட நாயோ பின்வாங்காது. குரைத்துக்கொண்டே கிட்டப் போகும். நஞ்சு பட்டதும் இமை இறுக மூடிக்கொள்ளும், கண் சிவந்து வீங்கும். வலி தாங்காமல் நாய் முகத்தைத் தரையில் தேய்க்கும். அந்தத் தேய்ப்பே கருவிழிப் புண்ணைப் பெரிதாக்கிவிடும். பிறகு ஆறினாலும் அந்த இடத்தில் பூ விழுந்து பார்வை மறையலாம்.

இந்த நாயின் பார்வையைக் காப்பது முதல் அரைமணி நேரம். ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் இமையை விரித்து, சுத்தமான தண்ணீரைப் பதினைந்து இருபது நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். கண்ணில் விடத் தாய்ப்பாலுக்கும் பசும்பாலுக்கும் அலையும் நேரத்தில் நஞ்சு தன் வேலையைச் செய்துவிடும். உடம்பில் எங்காவது கடிபட்டிருக்கிறதா என்றும் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணில் மட்டும் நஞ்சு பட்டிருந்தால் முறிமருந்து ஊசி தேவையில்லை. கழுவியதும் கால்நடை மருத்துவரிடம் போய், கிருமித்தொற்றைத் தடுக்கும் சொட்டு மருந்தும் வலிக்கு மருந்தும் வாங்கினால் பெரும்பாலான கண்கள் தேறிவிடும். ரப்பர் பால் ஸ்டோர் பக்கம் சுற்றும் நாய்க்கும் தண்ணீர்தான் முதல் மருந்து. ரப்பர் பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அமோனியாவும், உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலமும் கண்ணைப் பொசுக்கும். இவற்றில் அமோனியா கொடியது; காரம் என்பதால் கருவிழியைத் தாண்டி உள்ளேயும் இறங்கும்.

உண்ணியையும் சொல்ல வேண்டும். பழுப்பு உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி, நாயின் கண்ணுக்குள் அழற்சியையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கும். யாரோ கல்லால் அடித்திருப்பார்கள் என்று நினைத்துவிடுகிறோம். இரத்தப் பரிசோதனையும் டாக்சிசைக்ளின் மாத்திரையும் இல்லாமல், கண்ணுக்கு மட்டும் சொட்டு விட்டால் நோய் தீராது.

தாமான் நாயின் கதை வேறு. அதன் கேடு அதன் முகத்திலேயே இருக்கிறது. மூக்கைக் குட்டையாக்கி வளர்த்தெடுத்த இனங்கள் இவை. கண்குழி ஆழமற்றது, விழி வெளியே துருத்தி நிற்கும், பல நாய்கள் தூங்கும்போதும் இமையை முழுதாக மூடுவதில்லை. மூக்குமடிப்பின் முடி கருவிழியில் உரசிக்கொண்டே இருக்கும். கண்ணீர் சுரப்பது மெல்லக் குறையும், பீளை கட்டும், ஆண்டுக்கணக்கில் பழுப்புநிறம் படர்ந்து பார்வையை மூடும். தினம் காலையில் பீளையைத் துடைத்துவிடும் வீட்டாருக்கு அது ஒரு நோய் என்றே தோன்றுவதில்லை. தோட்டத்தில் நிமிடங்களில் நடப்பது இங்கே மாதங்களில் நடக்கிறது. அதனாலேயே தாமதமும் அதிகம்.

இளம் நாயின் கண்ணோரத்தில் சிவப்பாக ஒரு கட்டி எட்டிப்பார்ப்பதும் உண்டு. அது மூன்றாம் இமையின் கண்ணீர்ச் சுரப்பி இடம் பெயர்ந்தது. வெட்டி எடுத்துவிடுங்கள் என்று கேட்பவர்கள் அறிய வேண்டியது: நாயின் கண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தருவது அந்தச் சுரப்பி. அதை வெட்டினால் பிற்காலத்தில் கண் வறண்டுபோகும் வாய்ப்பு கூடும். உள்ளே வைத்துத் தைப்பதே முறை. இந்த இனங்களில் விழி பிதுங்கி வெளியே வந்துவிடுவதும் நடக்கும். பெரிய நாய் கழுத்தைக் கவ்வினாலே போதும். ஈரத்துணியால் மூடி, கையால் உள்ளே தள்ளாமல், உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். தாமான் நாய்க்கும் நிமிடக் கணக்கு வரும் வேளை இது.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான தவறு ஒன்று உண்டு. மனிதருக்கு வாங்கி மீந்த சொட்டு மருந்தை நாயின் கண்ணில் விடுவது. அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால், புண் ஆறாமல் ஆழமாகி விழியே ஓட்டையாகலாம். புண் இருக்கிறதா என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. ஃபுளோரசின் சாயத் தாளால் கண்ணைத் தொட்டால் புண் பச்சையாக ஒளிரும். கண்ணீரை அளக்க இன்னொரு தாள் இருக்கிறது. ஒரு நிமிடத்தில் 15 மில்லிமீட்டராவது நனைய வேண்டும். இரண்டுமே விலை குறைந்தவை. சாதாரண கிளினிக்கிலேயே செய்துவிடலாம்.

இனி நிபுணருக்கு வருவோம். கண்ணில் அடிபட்ட தோட்டத் தொழிலாளி சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்குப் போகலாம். அவர் நாய்க்கு, செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை 350 கிலோமீட்டருக்கு மேல். கண்புரையை ஒலியலையால் உடைத்து எடுப்பது, இமையைத் திருத்தித் தைப்பது, கண் அழுத்தத்துக்கு அறுவை செய்வது ஆகியவற்றுக்கு கண் அறுவைப் பயிற்சி பெற்ற கை வேண்டும். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் நாய்களுக்குக் கண்புரை அறுவை நடக்கிறது. அரசுக் கல்லூரி ஒன்றால் அது முடிகிறது என்றால், வடமலேசியாவுக்கு மாதம் ஒருநாள் கண் நிபுணர் வந்துபோகும் ஏற்பாட்டைக் கேட்பது பேராசையல்ல.

ஆனாலும் என் தீர்ப்பு இதுதான்: நிபுணர் அதிகம் தேவைப்படுவது தாமான் நாய்க்கு, தோட்டத்து நாய்க்கு அதிகம் தேவைப்படுவது, தண்ணீர் ஊற்றத் தெரிந்த மனிதர். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பு விலங்கை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பதை உரிமையாளரின் கடமையாக்கியிருக்கிறது. நாய் வளர்ப்பவர்கள் இன்றைக்கே அதன் இரண்டு கண்களையும் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுருங்கியோ சிவந்தோ மங்கியோ இருந்தால், வீட்டிலுள்ள சொட்டு மருந்தைத் தொடாமல் நாளைக் காலையே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். கண்ணுக்குச் சாயம் போட்டுப் பார்க்கும்படி நீங்களே கேளுங்கள்.