ஏட்டுப் படியும் கணினிப் படியும்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே 60 கிலோமீற்றர் அளவில், கிழக்கே கடலும் மேற்கே களப்பும் அணைய அமைந்த ஊர் வாகரை. 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு மட்டக்களப்புப் பிரதேசத்தைச் சூறாவளி சிதைத்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை ஆழிப்பேரலை வாகரைக் கரையை மேவிற்று. 2006ஆம் ஆண்டின் இறுதியில் போர் அங்குள்ள மக்களை வீடு வாசல் துறந்து தெற்கு நோக்கிப் பெயரச் செய்தது. முப்பது ஆண்டுக்குள் இத்தனையும் கண்ட நிலத்தில், ஒரு குடும்பத்தின் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் திருமணப் படமும் எங்கே இருந்தன? பெரும்பாலும் அலுமாரியிலோ தகரப் பெட்டியிலோ, ஒரே ஒரு படியாக.

இவற்றுள் காணி உறுதிக்கு மட்டும் சட்டம் முன்னரே ஒரு வழி வகுத்திருந்தது. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின்படி, உறுதியின் மூலம் உரிமையாளரிடம் செல்லும். ஒரு படி நொத்தாரிசின் கோவையில் தங்கும். இன்னொரு படி காணிப் பதிவகத்தைச் சேரும். வீட்டிலுள்ளது கடலோடு போனாலும் பதிவகத்திற் சென்று அத்தாட்சிப் படி பெறலாம். திருமணப் படத்துக்கு அத்தகைய பதிவகம் ஏது?

படியெடுத்துக் காக்கும் வழக்கம் கீழ்க்கரைக்குப் புதியதன்று. வைகாசித் திங்களில் கண்ணகை அம்மன் கோயில்களில் படிக்கப்படும் வழக்குரைக் காவியம் பன்னெடுங்காலம் பனையோலையிலேயே வாழ்ந்தது. ஓலையைப் பதப்படுத்தி எழுத்தாணியாற் கீறி மை தடவி எழுதினாலும், ஈரக்காற்றும் பூச்சியும் கறையானும் அதனை நெடுநாள் விட்டுவைப்பதில்லை. ஆகவே பழைய ஏடு முறியுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதினர். எழுதுவோர் பிழை புகுத்தியதும் உண்டு. அதனாலேயே படிக்குப் படி பாடம் வேறுபட்டது. எனினும் பிழையுள்ள படி, இல்லாத படியினும் மேலானது. வித்துவான் வி. சீ. கந்தையா 1968இல் கண்ணகி வழக்குரையை அச்சிற் பதிப்பித்தபோது, அவ்வாறு பெயர்த்தெழுதியவர்களின் உழைப்பே கைகொடுத்தது.

இவ்வழக்கத்தில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழகமே சான்று. முதிர்ந்த ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் மரபு அங்கே இருந்தது. புதிய படி எழுதி முடித்தபின் பழையதை நீரில் விடுவதே அதன் பொருளாயிருத்தல் வேண்டும். காலப்போக்கில் எழுதுவது நின்றது. விடுவது மட்டும் எஞ்சிற்று. எத்தனை நூல்கள் வெள்ளத்தோடு போயின என்பதைக் கணக்கிடுவார் இல்லை.

படி பல இருந்தும் ஒரே கூரையின்கீழ் இருந்தாற் பயனில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றோடு வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. பின்னர் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களை ஒளிவருடி இணையத்தில் வைக்கும் பணியை மேற்கொண்டது.

இன்று வாகரையின் இளந்தலைமுறையினர் சான்றிதழையும் படத்தையும் கைத்தொலைபேசியிலும் கணினியிலும் வைத்திருக்கின்றனர். தகரப் பெட்டி மாறியது. ஒற்றைப் படி மாறவில்லை. வன்தட்டு பழுதடைவதற்குப் புயல் வரவேண்டியதில்லை. ஒரு நாள் மின்னிணைப்புக் கோளாறே போதும். புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய விதியொன்று உண்டு: மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒரு படி வேற்றிடம். நொத்தாரிசுச் சட்டத்தின் மூன்று படிகளை நினைவூட்டும் இவ்விதியில், மூன்றாவது உறுப்பே வாகரைக்கு உயிர்நிலை. அடுத்த தெருவிலுள்ள அண்ணன் வீட்டு வன்தட்டு வேற்றிடம் ஆகாது. இரு வீட்டையும் ஒரே அலை தொடும். மட்டக்களப்பு நகரமும் 1978இன் சூறாவளிக்குத் தப்பவில்லை. கொழும்பிலோ மலைநாட்டிலோ கடல் கடந்தோ வாழும் உறவினரிடம் ஒரு வன்தட்டைக் கொடுத்துவைத்தலும், இணையச் சேமிப்பிடத்தில் ஒரு படி ஏற்றிவைத்தலுமே அங்கே பொருந்தும். வீட்டிலுள்ள வன்தட்டையும் படியெடுத்த பின் கணினியிலிருந்து கழற்றிவைத்தல் வேண்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீநிரல், இணைந்திருக்கும் வன்தட்டையும் சேர்த்தே பூட்டிவிடும்.

சாதனமும் முதுமை அடையும். நெகிழ்வட்டின் விற்பனையைச் சோனி நிறுவனம் 2011இல் நிறுத்தியது. அதிற் சேமித்த எழுத்து கெடாதிருப்பினும், அதனைப் படிக்கும் கருவி இன்று அரிது. இறுவட்டுக்கும் அந்நிலை நெருங்குகின்றது. கோயில் ஏடு இவ்வகையில் நற்பேறுடையது. ஆண்டுதோறும் வைகாசியில் அதனை அவிழ்த்துப் படித்தமையால், எந்த ஓலை முறிந்தது, எந்த வரி மங்கியது என்பது அன்றே தெரிந்தது. அடுத்த வைகாசிக்குள் புதிய ஓலை எழுதிச் சேர்க்க நாளும் இருந்தது. உறவினர் வீட்டில் உறங்கும் வன்தட்டையோ, ஆண்டுக்கொரு முறையேனும் எவரேனும் திறந்து பார்த்தாலன்றி, அதனுள் திருமணப் படம் இருக்கின்றதா என்பது எவருக்கும் தெரியாது.