சுவருக்கு முன் கூரை: திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் கட்டடப்பொருள் தெரிவு

இலங்கையில் போருக்குப் பிந்திய மீள்குடியேற்றத்தில் கட்டடப்பொருள் பற்றிய கடும் வாதம் 2016ஆம் ஆண்டளவில் எழுந்தது. வடக்கிலும் கிழக்கிலும் ஆர்செலர்மிட்டல் நிறுவனத்தின் 65,000 உருக்கு வீடுகளை, ஒன்று ஏறக்குறைய 21 இலட்சம் ரூபாய்க்கு அமைக்க அரசு முனைந்தது. கல்வீடு அதைவிட மலிவு, உள்ளூர் மேசன்மாருக்கும் வேலை கிடைக்கும் என்று எதிர்த்தவர்கள் சொன்னது சரியே. ஆனால் சுவர் கல்லானால் வீடு தானே குளிரும் என்ற நம்பிக்கை அதிலிருந்து பெறப்படுமானால் அது பிழை. திருகோணமலையில் கைப்பணம் முதலில் கூரைக்கும் நிழலுக்கும் போகவேண்டும். சுவரின் முறை பிறகுதான்.

காரணம் சூரியனின் பாதையில் இருக்கிறது. ஏறக்குறைய 8.5 பாகை வட அகலக்கோட்டில் உள்ள இந்நகரில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் முடிவிலும் நண்பகற் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்வதால், குளிர்நாட்டுப் பாடநூல்கள் நிழற்பக்கம் என்று சொல்லும் வடசுவரில் இங்கே வெயில் விழுகிறது. வறண்ட கச்சான் காற்று வீசும் காலமும் அதுதான். நண்பகல் வெயிலின் பெரும்பங்கை ஏற்பது கூரை. சூடேறிய தகடு வெப்பக்கதிரைக் கீழே உமிழ்கிறது; விசிறியைச் சுழற்றினாலும் அந்தக் கதிர் குறையாது. வெயில்பட்ட தடித்த சுவரோ பகலில் வாங்கிய சூட்டை இரவில், நாட்டின் மின்தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில், அறைக்குள் விடுகிறது. விறாந்தையோ நீண்ட இறவாரமோ மூடாத கனச்சுவர் இங்கே அரைப் பயன்தான்.

1624இல் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையின் கற்சுவர்களை மறுப்பாகக் காட்டலாம். அந்தத் தடிப்பு பீரங்கிக் குண்டைத் தாங்க வந்தது, வெயிலுக்காக அல்ல. சூறாவளி பற்றிய மறுப்பு இன்னும் வலுவானது. 1964 டிசம்பரிலும், 2020 டிசம்பரில் புரவிச் சூறாவளி வந்தபோதும் இக்கரை காற்றின் வழியில் இருந்தது. கட்டாத ஓடு பறக்கும். ஆயினும் இது ஓட்டை இறுக்கிக் கட்டுவதற்கான நியாயம், கூரையை மறப்பதற்கானதல்ல. ஓட்டுக்கும் மரத்துக்கும் வசதியில்லாதவர் தகட்டின்கீழ் காற்றிடைவெளி விட்டு அலுமினியத் தாள் விரிக்கலாம். மினுக்கம் மாறாத அலுமினியம் வெப்பக்கதிரை நூற்றில் ஏறக்குறைய 5 பங்கே உமிழும். அஸ்பெஸ்டஸ் 90 பங்களவு.

அஸ்பெஸ்டஸுக்கு நலவியல் குற்றச்சாட்டும் உண்டு. 2018இலிருந்து அதைத் தடுக்க இருந்த அரசு, 2017 டிசம்பரில், அஸ்பெஸ்டஸை விற்கும் ரஷ்யா இலங்கைத் தேயிலையில் வண்டு கண்டதாக அதன் இறக்குமதியை நிறுத்தியதும் பின்வாங்கியது. கூரைக் கொள்கையைத் தேயிலை வண்டு தீர்மானித்த நாடு இது!

சுவரில் மிஞ்சும் கேள்வி, பொருளை ஆக்கச் செலவாகும் சக்தி. திருகோணமலைச் சீமெந்து ஆலையில் அரைபடும் மூலப்பொருளான கிளிங்கர் கப்பலில் வருவது. 1,400 பாகை செல்சியஸுக்கு மேல் சுட்டெடுக்கப்பட்டது. அமுக்கிய மண்கல்லுக்குச் சூளை வேண்டாம், சிறிதளவு சீமெந்தே போதும், எஸ்.எல்.எஸ். 1382 என்ற இலங்கைத் தரநிர்ணயமும் அதற்கு உண்டு. நிலாவெளி மணல் அதற்கு உதவாது, கடலிலிருந்து உள்ளே தள்ளிய பகுதிகளின் களிகலந்த செம்மண் உதவும். ஆகவே உட்பகுதியான கந்தளாய்ப் பக்கத்தில் மண்கல்லும் கடலோரத்தில் சீமெந்துக்கல்லும் பொருந்தலாம். வீட்டுக்கடனும் மானியமும் வழங்குவோர், எந்தச் சுவரானாலும், கூரையின் உட்காப்பையும் விறாந்தையையும் மதிப்பீட்டில் கட்டாயச் செலவாகச் சேர்க்கவேண்டும்.