போத்தனூர்ப் பட்டறையும் திறந்த நிரலும்

1860களின் தொடக்கத்தில் சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த இருப்புப்பாதை கோயமுத்தூர் நகருக்குள் நுழையவில்லை. தெற்கே ஒதுங்கி, போத்தனூர் வழியாகப் பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் சென்றது. கோவைக்குக் கிளைப்பாதை பின்னர்தான் வந்தது. அந்தப் பழைய ரயில்வே ஊரின் பெருமையில் இன்றும் உயிரோடு இருப்பது அங்குள்ள சிக்னல், தொலைத்தொடர்புப் பட்டறை. மென்பொருளைப் பற்றி எழுத வந்தவன் பட்டறையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு.

ஒற்றைப் பாதையில் இரு நிலையங்களுக்கு இடையே ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் செல்லலாம். அந்த அனுமதியின் அடையாளமாக, இரும்புக் குண்டு வைத்த பையைப் பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடும் வண்டியின் ஓட்டுநரிடம் ஊழியர் நீட்டும் காட்சி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். குண்டு இல்லாமல் மின்கருவிகளே அந்த அனுமதியைப் பரிமாறிக்கொள்ளும் முறை பின்னர் வந்தது. அக்கருவிகளில் பொத்தானால் இயங்கும் ஒரு வகைக்கு ரயில்வேத் தொழில்நுட்பர்களிடையே போத்தனூரின் பெயரே நிலைத்துவிட்டது.

இத்தகைய கருவிகளுக்கும் ரிலேக்களுக்கும் வரையறை வகுப்பது 1957இல் அமைந்த லக்னோ ஆர்.டி.எஸ்.ஓ. நிறுவனம். வரையறை ரயில்வேயின் கையில் இருப்பதால், அதன்படி பல உற்பத்தியாளர்கள் செய்து தரலாம். ஒருவர் கடையை மூடினால் இன்னொருவர் இருக்கிறார்; பட்டறையும் இருக்கிறது. கணினிவழி இன்டர்லாக்கிங் வந்தபோது இந்த நிலை மாறியது. ரிலேக்களின் வேலையை நிரல் ஏற்றது. அந்த நிரல் அதை விற்றவருடையது. ரிலேயைக் கழற்றிப் பார்த்துப் பழகிய கைகள், பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புரட்ட வேண்டியதாயிற்று.

கட்டற்ற மென்பொருளின் வரலாறு தொடங்குவதும் இப்படி ஒரு பழுதில்தான். 1980ஐ ஒட்டிய காலத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று அடிக்கடி காகிதம் சிக்கி நின்றது. அதைப் பயனர்களுக்குத் தெரிவிக்கும்படி நிரலைத் திருத்த விரும்பினார் ரிச்சர்ட் ஸ்டால்மன். மூலநிரல் வைத்திருந்த ஒருவரை அணுகியபோது, வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தமிட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். 1983இல் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்ததன் பின்னணியில் இந்த அனுபவமும் இருந்தது. அவர் கேட்டது இலவசம் அன்று. பழுது பார்க்கும் உரிமை.

தமிழகத்தில் இக்கேள்வி அரசு அளவில் எழுந்தது 2006–07இல். எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அலுவலகக் கணினிகளை சூஸி லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் வாங்கப்பட்ட கணினிகளிலும் லினக்ஸ் இடம்பெற்றது. உரிமக் கட்டணம் மிச்சம் என்பதே அன்று செய்தித்தாள்களில் முன்னால் நின்ற வாதம். 2008இல் அவர் அப்பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் அருகருகே வந்தன. நான் பார்த்த வீடுகளில் பிள்ளைகள் திறந்தது விண்டோஸைத்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஐயம் வந்தால் கேட்பதற்குப் பக்கத்துத் தெருவில் ஆள் இருந்தது அதற்கு மட்டுமே.

போத்தனூரிலிருந்து மேற்கே புறப்படும் வண்டி வாளையாற்றைத் தாண்டியதும் கேரளம். அங்கே 2001இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் வேறு வழியில் சென்றது. பள்ளி ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கி, பாடத்திட்டத்துக்கேற்ற லினக்ஸ் தொகுப்பைத் தாமே அமைத்துக்கொண்டார்கள். 2017இல் அத்திட்டம் 'கைட்' என்னும் நிறுவனமாக வளர்ந்தது. இரு மாநிலங்களும் கையில் எடுத்தது ஏறக்குறைய ஒரே மென்பொருளைத்தான். ஆனால் இங்கே முடிவு ஓர் அதிகாரியின் மேசையில் இருந்தது. அங்கே அறிவு ஆயிரக்கணக்கான ஆசிரியர்களிடம் இருந்தது. அதிகாரி மாறுவார், ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே நாளில் மாறிவிட மாட்டார்கள்.

அதற்காக, காசு வாங்கிக்கொண்டு உதவி தருவதை இழிவாகக் கருதவேண்டியதில்லை. நள்ளிரவில் வங்கியின் வழங்கி நின்றால், தொலைபேசியை எடுக்கக் கடமைப்பட்ட ஒருவர் வேண்டும். ரெட் ஹாட் வளர்ந்தது அந்தக் கடமையை விற்றுத்தான், 2019இல் ஐ.பி.எம். அதை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. விலை கொடுப்பதாலேயே துணை நிலைத்துவிடும் என்பதும் இல்லை. பணம் கொடுத்து வாங்கிய விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8ஆம் தேதியுடன் மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. கட்டணமின்றிக் கிடைத்த சென்ட்ஓஎஸ் 8க்கான ஆதரவு 2029 வரை இருக்கும் என்று நம்பியிருந்தவர்களுக்கு, 2021 இறுதியோடு சரி என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது.

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் எக்ஸ்பியைத் தொடர்ந்து நடத்த வேறு யாருக்கும் உரிமை இருக்கவில்லை. சென்ட்ஓஎஸ் கைவிடப்பட்டபோது, அடுத்த ஆண்டிலேயே ராக்கி லினக்ஸும் அல்மாலினக்ஸும் அந்த இடத்தை நிரப்பின. கைவிடுகிற உரிமை எல்லா நிறுவனத்துக்கும் உண்டு. கைவிட்டதை எடுத்துக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டா என்பதே கேள்வி.

கொங்கு விவசாயிக்கு இது புதிய பாடம் இல்லை. கிணற்று மோட்டார் கருகினால், அவர் அதைக் கழற்றி வண்டியிலேற்றிக்கொண்டு காயில் கட்டும் கடைக்குப் போகிறார். மோட்டாரும் இலவசம் இல்லை, காயில் கட்டுவதும் இலவசம் இல்லை. ஒரு கடை சரிப்படாவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம் என்பது ஒன்றே அவருடைய பலம். ஆனால் கடைவீதியில் காயில் கட்டத் தெரிந்தவரே இல்லையென்றால், அந்தப் பலமும் வெறும் காகிதத்தில் இருக்கும். திறந்த நிரலுக்கு உரிமம் எழுதிக் கொடுத்தாயிற்று. அதைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்களை உருவாக்குவதுதான் நம் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் இன்னும் மிச்சமிருக்கும் செலவு. உரிமக் கட்டணத்தில் மிஞ்சும் பணத்தை அதற்குச் செலவிடாதவரை, மிச்சம் பிடித்ததாகச் சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.