ஒரே பெட்டியில் பூட்டிய பாட்டு



1885-ஆம் ஆண்டு நில அளவைக்காக இம்மலைப் பகுதிக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயரே கேமரன் மலைக்கு நிலைத்துவிட்டது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களுள் தமிழ்த் தொழிலாளர் பலர். இவை நாம் அறிந்த வரலாறு. அந்த மக்கள் என்ன பாடினார்கள்? அப்பாட்டுகள் இன்று யாரிடம் உள்ளன? இக்கேள்வியை நான் காலம் கடந்தே கேட்டேன்.

என் தந்தையார் தேயிலை ஆலைத் தொழிலாளி. எங்கள் லயத்தில் முதன்முதலில் ஒலிப்பதிவுக் கருவி வாங்கியவர் அவர்தாம். அதற்கு முன்பும் தோட்டங்களில் இசைத்தட்டு இருந்தது. ஆனால், இசைத்தட்டு ஒருவழிப் பாதை. சென்னையில் பாடியதைத் தோட்டத்தில் கேட்கலாம். தோட்டத்தில் பாடியதைப் பதிய முடியாது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழையே அந்நிலையை மாற்றியது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் குரலும் அதனால் ஆவணமாயிற்று.

தந்தையார் இருவகைப் பேழைகள் வைத்திருந்தார். திரைப்பாடல் பேழைகள் வீடு வீடாகப் போய்வரும். என் பாட்டியார் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும், ஆடித் திருவிழா உடுக்கைப் பாட்டும் பதிந்த பேழைகளை மட்டும் எவருக்கும் தரமாட்டார். நாடா சிக்கிவிடும் என்ற அச்சம். அவற்றைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

அவர் மறைந்த பின் அப்பெட்டியைத் திறந்தோம். மலைப் பனியும் ஈரமும் உள்ளே புகுந்து, நாடாக்கள் வெண்பூசணம் பூத்து ஒட்டிக்கிடந்தன. ஒரே ஒரு தாலாட்டு மட்டும் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. பக்கத்து வீட்டு அத்தை, தந்தையார் அறியாமல் ஒரு நாள் அதைப் படியெடுத்திருக்கிறார். பின்னர் கிள்ளானுக்குக் குடிபெயர்ந்தபோது அதையும் கொண்டு போயிருக்கிறார். பூட்டி வைத்தது அழிந்தது. கைமாறிப் போனதே பிழைத்தது.

வரலாற்றில் இந்தப் பாடம் பலமுறை வந்துள்ளது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாத ஓலைச்சுவடிகளுக்கு மாற்று ஏது? கணினி உலகமும் இதற்கு விலக்கன்று. 2003 முதல் 2015 வரை பயனர்கள் ஏற்றிய பாடல்களுள் பெரும்பகுதி, சேவையகத்தை இடம் மாற்றும்போது அழிந்துவிட்டதென மைஸ்பேஸ் தளம் 2019-இல் அறிவித்தது. இலட்சக்கணக்கான கலைஞர்கள் நம்பிய பெட்டியும் ஒரே பெட்டிதான்.

1999-இல் தோன்றிய நேப்ஸ்டரில் பாடல்கள் பயனர்களின் கணினிகளில் இருந்தன. அவற்றைத் தேடும் அட்டவணை மட்டும் ஒரே மையத்தில் இருந்தது. பதிப்புரிமை வழக்கினால் 2001-இல் அம்மையம் நின்றதும் பகிர்வும் நின்றது. அதே ஆண்டு பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டொரண்ட், ஒரு கோப்பைத் துண்டுகளாக்கிப் பலரிடமிருந்தும் பெற வழிசெய்தது. 2015-இல் ஐ.பி.எப்.எஸ். என்னும் மையமற்ற சேமிப்பு வலையமைப்பு வந்தது. இதில் ஒரு பாட்டின் முகவரி, அது இருக்கும் இடத்தைக் குறிப்பதன்று. பாட்டின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும், கைரேகை போன்ற ஓர் அடையாளம் அது. கிள்ளானில் உள்ள கணினி நின்றாலும், அதே அடையாளமுள்ள படி தானா ராத்தாவில் இருந்தால் அங்கிருந்து பாட்டு வந்துவிடும். கோப்பில் ஓர் இம்மி மாறினாலும் அடையாளம் மாறிவிடுமாதலால், பெற்றது மூலப்படிதானா என்றும் சரிபார்க்கலாம்.

ஆயினும் மூன்று செய்திகளை மறக்கக்கூடாது. முதலாவது, வலையமைப்பில் போட்டால் என்றென்றும் இருக்கும் என்பது தவறான எண்ணம். இதை நான் வைத்திருப்பேன் என்று யாரேனும் ஒருவர் தம் கணினியில் உறுதி செய்து வைத்தால்தான் அது நிலைக்கும். இரண்டாவது, பரவியதைத் திரும்பப் பெறுதல் அரிது. உறவினர் ஒருவர் தம் வீட்டுத் துக்கத்தில் பாடிய ஒப்பாரியின் பதிவைப் பொதுவில் வைக்க வேண்டாம் என்றார். அது அவருடைய கண்ணீர், நாங்கள் வைக்கவில்லை. மூன்றாவது, திரைப்பாடல் பேழையை விலைகொடுத்து வாங்கியிருந்தாலும் பாட்டின் உரிமை நமதன்று. மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987, ஒலிப்பதிவு வெளியான பிறகு 50 ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் தருகிறது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமையோ அவர்கள் மறைந்த பின்னும் 50 ஆண்டுகள் தொடர்கிறது. எனவே நாம் பகிரவேண்டியவை நம் குடும்பத்தார் பாடிய, அவர்கள் இசைவு தந்த பாட்டுகளே.

மீண்ட அந்தத் தாலாட்டை இப்போது நான்கு குடும்பங்கள் தத்தம் கணினியில் வைத்துள்ளோம். அதை வகுப்பில் ஒலிக்கவிட்ட மறுநாள், ஒரு மாணவியின் தாயார் பள்ளிக்கு வந்தார். "என் அம்மாவும் இதைத்தான் பாடுவார், டீச்சர். ஆனால், ஊர்ப் பெயர் மட்டும் வேறு," என்றார். அவருடைய தாயாருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அந்த வாரமே சென்று பதிவு செய்தோம்.

பெற்றோர்களே, வலையமைப்பெல்லாம் பிறகு வரட்டும். இந்தப் பள்ளி விடுமுறையில் உங்கள் வீட்டு முதியவர் ஒருவரின் பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் பிள்ளையே சொல்லட்டும். படியைக் குறைந்தது மூன்று வீடுகளில் வையுங்கள். எங்கள் தகரப் பெட்டிக்கு நேர்ந்தது உங்கள் வீட்டில் நேர வேண்டாம்.