வங்கியும் கொடையும்: இந்தியாவில் குருதி வழங்கல் – ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

மனிதக் குருதிக்கு முழு மாற்றான பொருளை அறிவியல் இன்றுவரை உருவாக்கவில்லை. ஒருவர் உடலிலிருந்து பெற்றுத்தான் மற்றொருவருக்குச் செலுத்த வேண்டியுள்ளது. ஆகவே, குருதி தூயதா என்னும் வினா, அதைத் தந்தவர் எதன்பொருட்டுத் தந்தார் என்னும் வினாவோடு பிணைந்தே நிற்கின்றது. இந்தியாவில் குருதி விற்பனையைச் சட்டம் தடைசெய்த பின்னரும் அதன் நிழல் முற்றிலும் நீங்கவில்லை. குருதியைத் திருப்பிச் செலுத்த வேண்டிய கடனாகக் கருதும் வழக்கம் தொடர்ந்தமையே இதற்கு அடிப்படைக் காரணம் என்பதை இக்கட்டுரையில் நிறுவ முற்படுகின்றோம்.

இரு முன்மாதிரிகள்

1921ஆம் ஆண்டில் இலண்டனில் மருத்துவமனை ஒன்று குருதி வேண்டிச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கேம்பர்வெல் கிளையை நாடியது. அக்கிளையின் செயலாளரான பெர்சி லேன் ஆலிவர், அழைத்தவுடன் வந்து ஊதியமின்றிக் குருதி தருவோரின் பட்டியல் ஒன்றை உருவாக்கினார். தந்தவருக்கும் பெற்றவருக்கும் உறவில்லை, கைம்மாறும் இல்லை.

1937ஆம் ஆண்டில் சிக்காகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் பெர்னார்டு ஃபாண்டஸ் என்னும் மருத்துவர், குருதியைக் குளிரூட்டிச் சேமிக்கும் நிலையத்தை நிறுவி, அதற்குக் 'குருதி வங்கி' எனப் பெயரிட்டார். அப்பெயரிலேயே ஒரு கொள்கை அடங்கியுள்ளது. வங்கியிலிருந்து எடுத்ததை மீண்டும் இட வேண்டும் என்பதே அது. உலகெங்கும் பரவிய பெயர் சிக்காகோவினுடையது. இலண்டனின் கொள்கை வேரூன்றப் பல நாடுகளில் நெடுங்காலம் ஆயிற்று.

பிரித்தானிய அறிஞர் ரிச்சர்டு டிட்மஸ் 1970இல் வெளியிட்ட ஆய்வில் இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் முறைகளை ஒப்பிட்டார். பணத்துக்காகத் தருபவர் தம் நோயை மறைக்கக் காரணம் உண்டு. கொடையாகத் தருபவருக்கு அக்காரணம் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரமாகும். 1975இல் உலகச் சுகாதாரப் பேரவை, ஊதியமற்ற தன்னார்வக் கொடையின் அடிப்படையில் தேசியக் குருதிச் சேவைகளை வளர்க்குமாறு உறுப்பு நாடுகளை வலியுறுத்தியது.

கல்கத்தாவிலிருந்து தொடங்கிய பாதை

இந்தியாவின் முதல் குருதி வங்கி, இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் கல்கத்தாவில் அமைந்தது. போர்க்கால உணர்வு கொடையாளரைத் திரட்டித் தந்தது. பின்னாளில் அறுவை மருத்துவம் பெருகத் தேவையும் பெருகிற்று. கொடை அதற்கு ஈடாக வளரவில்லை. அவ்விடைவெளியை நிரப்பியோர் குருதி விற்போர் ஆவர்.

வறுமையால் விற்கத் தொடங்கியவர், இழந்த சத்தை உடல் ஈடுசெய்யும் முன்னரே மீண்டும் விற்றார். ஓரிடத்தில் மறுத்தால் வேறிடம் சென்றார். அவர்தம் உடல் நலிந்தது. பெற்றவருக்கோ சத்துக் குறைந்த, நோய்த்தொற்று வாய்ப்பு மிகுந்த குருதி கிடைத்தது. இவ்வணிகத்தில் இருபுறமும் இழப்பே நேர்ந்தது.

இதற்கு மாற்றுத் தேடியோரும் இருந்தனர். பம்பாயில் லீலா மூல்காவ்கர் 1950களிலிருந்து தன்னார்வக் கொடை முகாம்களை நடத்தினார். குருதியேற்றத் துறை மருத்துவரான ஜே.ஜி. ஜாலியின் முயற்சிகளோடு தொடர்புடைய அக்டோபர் 1ஆம் நாள், 1975 முதல் தேசியத் தன்னார்வக் குருதிக்கொடை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது.

சென்னை தந்த எச்சரிக்கை

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. குருதி வணிகத்தின் பேராபத்து இதனால் வெளிச்சத்துக்கு வந்தது. 1989இல் கொடைக்குருதியில் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது.

ஆயினும், பரிசோதனை மட்டும் போதாது. தொற்று ஏற்பட்ட தொடக்க நாள்களில் கிருமி உடலில் இருந்தும் பரிசோதனையில் புலப்படாமல் போகலாம். அக்கால இடைவெளியில் நோயாளிக்குக் காவலாக நிற்பது, தருபவர் கூறும் உண்மை ஒன்றே.

தீர்ப்பும் அதன் எல்லையும்

'காமன் காஸ்' என்னும் பொதுநல அமைப்பு தொடுத்த வழக்கில், இந்திய உச்சநீதிமன்றம் 1996 ஜனவரி 4ஆம் நாள் தீர்ப்பளித்தது. நாட்டிலிருந்த 1,018 குருதி வங்கிகளுள் 616 உரிமமின்றி இயங்கியதாகக் கூறும் ஆய்வு அவ்வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது. தேசியக் குருதியேற்ற மன்றம் நிறுவப்பட வேண்டும். வங்கிகள் அனைத்தும் உரிமம் பெற வேண்டும். இரண்டாண்டுகளில் குருதி விற்பனை ஒழிய வேண்டும் என நீதிமன்றம் ஆணையிட்டது. 1998 ஜனவரி 1 முதல் விற்பனை தடைசெய்யப்பட்டது.

ஆனால் தேவை அவ்வாறே இருந்தது. நோயாளிக்குக் குருதி வேண்டுமெனில் உறவினர் ஈடாகக் குருதி தர வேண்டும் என மருத்துவமனைகள் கோரின. வெளியூரிலிருந்து வந்த ஏழைக்கு உடன் யார் இருப்பார்? கையறு நிலையில் நின்றவர் வாயிலில் காத்திருந்த தரகரை நாடினார். விற்பவர் 'உறவினர்' என்னும் பெயரில் மீண்டும் உள்ளே நுழைந்தார். சட்டம் விற்பனையைத் தடுத்தது. கடன் என்னும் முறையைத் தடுக்கவில்லை. 2008இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் ஏழைத் தொழிலாளர் சிலர் அடைத்துவைக்கப்பட்டு, அவர்தம் குருதி உறிஞ்சி விற்கப்பட்டமை வெளிப்பட்டது. ஈட்டுக்கொடையைப் படிப்படியாகக் கைவிட வேண்டும் என 2002ஆம் ஆண்டின் தேசியக் குருதிக் கொள்கை கருதியிருந்தும், பல மருத்துவமனைகளில் அவ்வழக்கம் இன்றும் நீடிக்கின்றது.

உண்மை உறவினர் தரும் குருதியும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. 2018இல் தமிழகத்தின் சாத்தூரில் கருவுற்றிருந்த பெண் ஒருவருக்குக் குருதியேற்றத்தால் எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டது. அக்குருதியைத் தந்த இளைஞர், தம் உறவினர் ஒருவருக்காகவே அதை அளித்திருந்தார். பின்னர் வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தொற்றை அறிந்ததும், அவரே முன்வந்து குருதி வங்கிக்குத் தெரிவித்தார். சில நாள்களில் அவரும் உயிர்நீத்தார். பரிசோதனை தவறிய இடத்தில் உண்மையை வெளிக்கொணர்ந்தது அந்த இளைஞரின் மனச்சான்றே. ஆனால் அது காலங்கடந்து வந்தது.

முடிவுரை

உறவினர் உயிருக்காகத் தருபவர், 'எனக்கு ஐயமுண்டு. என் குருதி வேண்டா' என்று எல்லார் முன்னிலையிலும் கூறி விலகுவது கடினம். யாருக்கென்று அறியாமல், ஆண்டுதோறும் தாமாக வந்து தருபவருக்கு அந்நெருக்கடி இல்லை. ஒவ்வொரு முறையும் அவர் குருதி சோதிக்கப்படுகின்றது. முடிவை அவருக்கு அறிவிக்கும் தொடர்பும் நிலைபெறுகின்றது. ஆகவே, பாதுகாப்பு என்பது ஆய்வுக்கூடத்தில் மட்டும் அமைவதன்று. கொடையாளருக்கும் குருதி நிலையத்துக்கும் இடையிலான நீண்ட நம்பிக்கையிலும் அமைவதாகும்.

கைம்மாறு கருதாது கொடுப்பதே கொடை எனத் தமிழ் மரபு போற்றி வந்துள்ளது. திருப்பித் தரும் கடனிலிருந்து அதனை வேறுபடுத்தியும் காட்டியுள்ளது. குருதியைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு வெறும் அறநெறி அன்று. மருத்துவ உண்மையும் ஆகும். இந்திய வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே எனலாம்.