அடிவானம் தாண்டிய வானொலி அலைகள்

மீட்டர் அலைகளும் அவற்றினும் குறுகிய அலைகளும் ஏறத்தாழக் கண்ணுக்கெட்டும் தொலைவு வரைதான் செல்லும் என்று 1930களின் தொடக்கத்தில் பொறியாளர் பலர் கருதினர். சிற்றலைகளைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தை இவை ஊடுருவிச் சென்றுவிடும் என்பதே அதற்குக் காரணம். தரையை ஒட்டிய காற்றை எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

1932 ஆகஸ்டில் மார்க்கோனி, ரோம் அருகேயுள்ள ரோக்கா டி பாப்பாவிலிருந்து 57 செ.மீ. அலைகளை அனுப்பினார். அவை 268 கி.மீ. தொலைவில், சார்தீனியாத் தீவின் கேப் ஃபிகாரியில் கேட்டன. அது அடிவானத்துக்கு வெகு அப்பால். எனினும் இச்செய்தி அன்று உரிய கவனம் பெறவில்லை.

இரண்டாம் உலகப்போர் இதை மறுக்க முடியாததாக்கியது. பம்பாய் அருகே நிறுவப்பட்ட 200 மெகாஹெர்ட்ஸ் ரேடாரின் திரையில், வெயில் காலத்தில், ஆயிரம் மைலுக்கும் அப்பாலுள்ள அரேபியக் கரை தெரிந்தது. சூடான வறண்ட காற்று, கடலை ஒட்டிய குளிர்ந்த ஈரக்காற்றின் மேல் படரும்போது, உயரம் கூடக்கூட ஒளிவிலகல் எண் சட்டெனக் குறைகிறது. அதனால் அலை, பூமியின் வளைவைவிட அதிகமாகக் கீழ்நோக்கி வளைந்து, கடலில் பட்டு எழும்பி, மீண்டும் வளைகிறது. ஒரு குழாய்க்குள் அகப்பட்டதுபோல அது முன்னேறுகிறது. அவ்வளவு தொலைவு சென்று திரும்பும் எதிரொலிக்கு ஏறக்குறைய 11 மில்லிநொடி ஆகும். அதற்குள் ரேடார் அடுத்த துடிப்பை அனுப்பியிருந்தால், தொலைவிலுள்ள மலை அருகிலுள்ள கப்பலாகத் தோன்றும். இதைவிட ஆபத்தானது வேறொன்று: குழாய்க்குச் சற்று மேலே பறக்கும் விமானம் கண்ணில் படாமலே போகலாம். பருவமழை தொடங்கியதும் பலத்த காற்று அடுக்குகளைக் கலக்கிவிடும், குழாயும் கலைந்துவிடும்.

ஆனால் காற்றுக் கொந்தளிப்பு அலைக்கு எப்போதும் பகையன்று. போர்க்காலத்தில் பிரிட்டனில் ரேடார் அலைப்பரவலை ஆராய்ந்த ஹென்றி புக்கர், வில்லியம் கார்டனுடன் சேர்ந்து 1950இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். கொந்தளிப்பால் உண்டாகும் சிறுசிறு காற்றுத்திரள்களின் ஒளிவிலகல் எண் ஒன்றுக்கொன்று சற்றே மாறுபடும். அவை அலையின் மிகச்சிறு பகுதியை முன்னோக்கிச் சிதறடிக்கும் என்பது அதன் சாரம். குழாய் அமைவது நாளைப் பொறுத்தது. சிதறலோ வலுக்குறைந்தது, ஏறி இறங்குவது, ஆனால் அநேகமாக எப்போதும் கிடைப்பது. எனவே பெரிய ஆண்டெனாவும் மிகுந்த திறனும் செலவிடத் தயாராக இருந்தவர்களுக்கு அது பயன்பட்டது. அலாஸ்காவின் 'வொயிட் ஆலிஸ்' தொலைத்தொடர்பு வலையமைப்பு இந்த முறையில்தான் 1950களின் பிற்பாதியில் இயங்கத் தொடங்கியது. பின்னர் செயற்கைக்கோள்கள் அதன் இடத்தைப் பிடித்தன.

1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியை உயரமான ஆண்டெனா கட்டிப் பார்த்த தமிழகக் கடலோரத்தாருக்கு இதன் ஒரு பக்கம் பழக்கமானதே. ஒருநாள் படம் பளிச்சென்று வரும். மறுநாள் திரை முழுக்கப் புள்ளிகள். ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்கள் பலர். மாறியது பெரும்பாலும் கடல்மேல் இருந்த காற்று.