பதினைந்து டாலர் கருவியும் மூழ்கிய கப்பல்களும்

போருக்கென்று செய்யப்பட்ட பொருள்கள், போர் ஓய்ந்தபின் வேறு கைகளுக்குப் போய்ச் சேர்வது வரலாற்றில் புதிதன்று. ஆனால் கண்ணிவெடியைத் தேடுவதற்கென்று செய்யப்பட்ட ஒரு கருவி, பழைய சாமானாக 15 டாலருக்கு விலைபோய், ஏறத்தாழ 240 ஆண்டுகளுக்கு முன் கப்பலுடைந்து கரையேறிய மனிதர்களின் முகாமை அடையாளம் காட்டிக் கொடுத்தது அரிய நிகழ்ச்சி. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக் கிழக்குக் கரையில் நிகழ்ந்த இதனைப் புதையல் கதையாகப் பலரும் எழுதியுள்ளனர். நாம் அதனை வேறொரு கேள்வியோடு நோக்குவோம். மணலுக்கடியில் ஏதோ ஒன்று கிடக்கிறது என்று கருவி சொல்லிவிடுகிறது. அது யாருடையது என்பதைச் சொல்ல வேண்டியவர் யார்?

உயிர் காக்கப் பிறந்த கருவி

மெட்டல் டிடெக்டர் என்று இன்று நாம் அழைக்கும் கருவியின் தொடக்கம் பொன்னாசையில் இல்லை. ஒரு நோயாளியின் படுக்கையருகில் இருக்கிறது. 1881 ஜூலை 2-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். அவரது உடலில் தங்கிவிட்ட குண்டு எங்கிருக்கிறதென்று மருத்துவர்களால் அறிய இயலவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், மின்காந்தத் தூண்டலால் உலோகத்தை உணர்ந்து ஒலி எழுப்பும் ஒரு கருவியை அவசர அவசரமாக அமைத்து வந்தார். முயற்சி பலிக்கவில்லை. மருத்துவர்கள் உடலின் வலப்புறத்தை மட்டுமே சோதிக்க விட்டனர். மெத்தையில் இருந்த எஃகுச் சுருள்களும் கருவியைக் குழப்பின. அதே ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் கார்ஃபீல்டு இறந்தார்.

அரை நூற்றாண்டுக்குப் பின், ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கெர்ஹார்டு ஃபிஷர் என்னும் பொறியாளர், வானொலி அலைகளைக் கொண்டு விமானங்களுக்குத் திசைகாட்டும் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். உலோகத் தாதுக்கள் உள்ள இடங்களில் அளவைகள் பிழைபடுவதைக் கவனித்த அவர், அந்தப் பிழையையே பயனாக மாற்றி, எளிதில் எடுத்துச் செல்லத்தக்க கருவியொன்றை உருவாக்கினார். 1937-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

அடுத்த அத்தியாயம் கடற்கரையோடு தொடர்புடையது. 1940-இல் பிரான்சு வீழ்ந்தபின், எதிரி எந்நேரமும் கரையிறங்கலாம் என்னும் அச்சத்தில் பிரிட்டன் தன் கரைகளிலேயே கண்ணிவெடிகளைப் புதைத்து வைத்தது. நாடிழந்து வந்த போலந்துப் படையினர் ஸ்காட்லாந்தின் கரைகளைக் காத்து வந்தனர். அவர்களுள் ஒருவரான யூசெஃப் கொசாட்ஸ்கி என்னும் இளம் பொறியாளர், 1941-ஆம் ஆண்டு வாக்கில் கண்ணிவெடி காணும் கருவியொன்றை வடிவமைத்தார். நீண்ட கழியின் நுனியில் கம்பிச் சுருள்கள், காதில் கேட்பொறி, அடியில் உலோகம் இருந்தால் ஒலி மாறும். 1942 இறுதியில் எகிப்தின் எல் அலமெய்ன் போர்க்களத்தில் இத்தகைய கருவிகள் ஏறத்தாழ 500 பயன்பட்டன. எத்தனை தாய்மாரின் பிள்ளைகள் இதனால் கால் இழக்காமல், உயிர் இழக்காமல் தப்பினர் என்பதற்குக் கணக்கில்லை. கொசாட்ஸ்கி இதற்குக் காப்புரிமை கோரவில்லை. பிரிட்டிஷ் படைக்குக் கொடையாகவே அளித்தார். கைம்மாறாக மன்னர் ஆறாம் ஜார்ஜிடமிருந்து அவருக்குக் கிடைத்தது ஒரு நன்றிக் கடிதம். எதிரியின் பிடியில் இருந்த தாயகத்தில் அவருடைய குடும்பம் இருந்தமையால், போர்க்காலத்தில் அவர் பெயரும் மறைத்தே வைக்கப்பட்டிருந்தது.

அமெரிக்கப் படையும் இதே நோக்கத்துக்காகத் தன் சொந்தக் கருவியைச் செய்துகொண்டது. 1945-இல் போர் ஓய்ந்ததும், தேவைக்கு மிஞ்சிய கருவிகள் படைக்கிடங்குகளிலிருந்து வெளியேறி, பழைய சாமான் சந்தையில் மலிவு விலைக்கு வந்தன.

1715: ஒரு புயலும் பதினொரு கப்பல்களும்

இனி, அக்கருவி எதைக் கண்டது என்று பார்ப்போம். ஸ்பெயினின் அரசுரிமைப் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மன்னர் ஐந்தாம் ஃபிலிப்பின் கருவூலம் வறண்டு கிடந்தது. மெக்சிக்கோ, பெரு முதலிய நாடுகளின் சுரங்கங்களிலிருந்து எடுத்த வெள்ளியும் பொன்னும் வந்து சேர்ந்தாலன்றி அரசு நடவாது என்னும் நிலை. நீண்ட தாமதத்துக்குப் பின், 1715 ஜூலை 24-ஆம் நாள் கியூபாவின் ஹவானா துறைமுகத்திலிருந்து தளபதி உபில்யாவின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. பதினொன்று ஸ்பெயினுடையவை, உடன் சென்ற ஒன்று பிரெஞ்சுக் கப்பல். புயற்பருவம் தொடங்கியிருந்தது.

ஜூலை 30 இரவும் மறுநாள் விடியற்காலையும் வீசிய சூறாவளி, ஃபுளோரிடாக் கரையோரப் பாறைகளின்மேல் அக்கப்பல்களை வாரியடித்தது. பதினொரு ஸ்பானியக் கப்பல்களும் அழிந்தன. பிரெஞ்சுக் கப்பல் ஒன்றே தப்பியது. ஏறத்தாழ 1,000 பேர் மாண்டனர். உபில்யாவும் அவர்களுள் ஒருவர். ஏறத்தாழ 1,500 பேர் கரையேறினர். குடிநீர் இல்லை, உணவில்லை. கொசு மொய்க்கும் மணல்மேட்டில் முகாமிட்டு, உதவி கேட்டுப் படகுகளை அனுப்பிக் காத்திருந்தனர்.

உதவி வந்தது, உடனே மீட்புப் பணியும் தொடங்கியது. நம் முத்துக்குளித்துறையில் ஒருகாலத்தில் நடந்ததைப் போலவே, பூர்வகுடி மக்கள் மூச்சடக்கி மூழ்கிப் பெட்டிகளை மேலே கொணர்ந்தனர். செய்தி பரவியதும், ஜமைக்காவிலிருந்து ஹென்றி ஜெனிங்ஸ் என்பவரின் தலைமையில் வந்த கூட்டம் அந்த முகாமையே கொள்ளையிட்டுச் சென்றது. பின்னர் ஸ்பானியர் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு திரும்பினர். எஞ்சியதை மணல் மூடியது.

ஒப்பந்தக்காரர் வாக்னர்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒஹையோவிலிருந்து ஃபுளோரிடாவில் குடியேறிய கிப் வாக்னர், வீடு கட்டும் ஒப்பந்தக்காரர். செபாஸ்டியன் என்னும் சிற்றூரின் கடற்கரையில், புயலடித்து ஓய்ந்த நாள்களில் கரிய சில்லுகள் ஒதுங்குவதை அவர் கண்டார். பார்வைக்கு உடைந்த கல் போலிருந்த அவை, உப்பு நீரில் ஊறிக் கறுத்த வெள்ளி நாணயங்கள். ஆண்டு படிக்கத்தக்கவற்றை ஒழுங்குபடுத்தியபோது, 1715-க்குப் பிந்திய நாணயம் ஒன்றுகூட இல்லை என்பது அவருக்குப் புலப்பட்டது.

ஆனால் அந்தக் கப்பல்கள் வெகுதொலைவில், ஃபுளோரிடாவின் தென்கோடித் தீவுகளருகே மூழ்கின என்பதே அக்கால நிபுணர் கருத்து. வாக்னரின் நண்பரான மருத்துவர் கெல்சோ, வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் தேடி, பெர்னார்டு ரோமன்ஸ் என்பவர் 1775-இல் வெளியிட்ட ஃபுளோரிடா பற்றிய நூலைக் கண்டெடுத்தார். செபாஸ்டியன் ஆற்றின் முகத்துக்கு எதிரேதான் கப்பல்கள் உடைந்தன என்னும் குறிப்பு அதில் இருந்தது. ஸ்பெயினின் செவில் நகர ஆவணக் காப்பகத்திலிருந்து பழைய ஏடுகளின் நுண்படங்களை வரவழைத்து, அறியாத மொழியை அகராதியின் துணையோடு வாக்னர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

இதற்கிடையில்தான் அந்த 15 டாலர் கருவி வந்து சேர்ந்தது. அதனைச் சுமந்துகொண்டு கரையையடுத்த மேட்டுநிலத்தில் நாள் கணக்காக அலைந்தார். உடன் வந்த தெருநாய் ஒன்று ஓரிடத்தில் பள்ளத்து நீரை நக்கிக் குடிப்பதைக் கண்டு, தானும் சுவைத்துப் பார்த்தாராம்: நல்ல தண்ணீர்! கடலோரத்தில் உயிர் பிழைத்தவர்கள் முதலில் தேடியிருக்கக்கூடியது நீரைத்தான் என்று அவர் உள்ளம் உரைத்தது. அவ்விடத்தைச் சுற்றித் தேடியபோது கருவி ஒலித்தது. கப்பலின் இரும்பு ஆணி, பீரங்கிக் குண்டு, மட்பாண்டத் துண்டுகள், பின்னர் வைரம் பதித்த தங்க மோதிரம் ஒன்று எனப் பொருள்கள் வெளிப்பட்டன. கப்பலுடைந்தவர்களின் முகாம் அதுவே. இன்று அங்கே மெக்லார்டி அருங்காட்சியகம் நிற்கிறது.

அங்கிருந்து கணக்கிட்டுக் கடலுக்குள் தேடிய வாக்னர், தோழர்களோடு ‘ரியல் எய்ட்’ என்னும் நிறுவனத்தை அமைத்து, மாநில அரசின் இசைவு பெற்றுப் பெருஞ்செல்வத்தை மீட்டார். 1966-இல் தம் வரலாற்றை நூலாகவும் வெளியிட்டார். அந்தக் கரைக்கே இன்று ‘புதையல் கரை’ என்று பெயர்.

உப்பின் சோதனை

வாக்னர் கருவியை இயக்கியது மேட்டின் உலர்ந்த மணலில் என்பது கருதத்தக்கது. அலை நனைக்கும் மணலில் அது பெரிதும் தடுமாறியிருக்கும். கருவியின் சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை நிலத்துக்குள் செலுத்துகிறது. அடியில் உலோகம் இருந்தால் அதனுள் சிறு மின்னோட்டம் சுழன்று விடை தருகிறது. உப்பு நீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், நனைந்த மணல் முழுவதுமே உலோகம் போல விடை தரத் தொடங்கிவிடுகிறது. மணவாளக்குறிச்சிக் கரையோரத்தார் நன்கறிந்த கருமணல் போல இரும்புச் சத்துள்ள மணல் கலந்திருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

இதற்குத் தீர்வு பின்னரே வந்தது. 1960-களில் ஆக்ஸ்ஃபோர்டு தொல்லியல் ஆய்வுக்கூடம் போன்ற இடங்களில் உருப்பெற்ற துடிப்பு முறைக் கருவி, ஒரு கணம் விசையோடு துடித்து, நொடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரம் பொறுத்துப் பின்னரே செவிமடுக்கிறது. உப்பு நீரின் எதிரொலி விரைவில் அடங்கிவிடும். நாணயத்தின் எதிரொலி சற்றே நீடிக்கும். பொய்யொலி அடங்கும்வரை பொறுத்திருப்பவனுக்கே மெய்யொலி கேட்கும். ஒரே வேளையில் பல அதிர்வெண்களைச் செலுத்தும் கருவிகள் 1990-களில் பரவின.

வாக்னரைப் போலப் பழைய கருவியை வாங்குவோர் இன்றும் உலகெங்கும் உண்டு. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விலையை அன்று. கருவி எங்கே உழைத்தது என்பதையே. வயலில் உழைத்த கருவியின் நிலை வேறு, கடலில் உழைத்ததன் நிலை வேறு. மின்கலப் பெட்டியின் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் உப்பு உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். சுருளில் விரிசலும் கம்பி நுழையும் இடத்தில் தளர்ச்சியும் இருக்கின்றனவா என்று தடவிப் பார்க்க வேண்டும். வீட்டு முற்றத்தில் நாணயத்தைக் காட்டி ஒலிக்கச் செய்வது சோதனை ஆகாது. மேசையும் கட்டிலும்கூட அங்கே குழப்பும். பெல்லின் மெத்தைச் சுருள்களை நினைவிற்கொள்ளலாம். ஈர மணலுக்கே கொண்டு சென்று, ஒன்றும் புதைக்காத இடத்தில் அது அமைதி காக்கிறதா என்று பார்ப்பதே தக்க சோதனை. இருப்பதைச் சொல்வதைக் காட்டிலும், இல்லாததைச் சொல்லாதிருப்பதே கடற்கரைக் கருவியின் நேர்மை.

யாருடையது?

கருவியின் நேர்மை இருக்கட்டும். கையில் பிடித்திருப்பவரின் நேர்மை? 2015-ஆம் ஆண்டு, அந்தப் பேரிடரின் 300-ஆம் ஆண்டில், அதே கரையில் மீட்புப் பணியாளர் சிலர் 101 பொன் நாணயங்களைக் கண்டெடுத்தனர். முறைப்படி அறிவிக்கப்பட்டவை 51 மட்டுமே. மற்ற 50 மறைக்கப்பட்டன. அவற்றுள் 37 நாணயங்களை மீட்டுவிட்டதாக ஃபுளோரிடா அதிகாரிகள் 2024-இல் அறிவித்தனர். அவற்றின் மதிப்பு பத்து லட்சம் டாலருக்கும் மேல். 15 டாலர் கருவியோடு தொடங்கிய வரலாறு இங்கேயும் வந்து நிற்கிறது.

சட்டம் தன் விடையைத் தருகிறது. ஃபுளோரிடாவில் அரசின் உரிமமின்றிக் கடலடியில் தேடலாகாது. உரிமம் பெற்றவரும் கண்டதையெல்லாம் கணக்குக் காட்ட வேண்டும். நம் நாட்டிலும் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது. தொல்லியலார் மற்றொன்றையும் வற்புறுத்துவர்: கிடந்த இடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருள், தன் கதையில் பாதியை மண்ணிலேயே விட்டுவிட்டு வருகிறது.

ஆயினும் சட்டத்துக்கு எட்டாத உரிமையும் உண்டு. அந்த வெள்ளியை மலைக்குள்ளிருந்து வெட்டியெடுத்தவர்கள் கட்டாய உழைப்புக்கு உள்ளான ஆண்டிய மலைமக்களும் பிறருமே. அதனைக் கரைசேர்க்க உயிர் கொடுத்தோர் பெயர் தெரியாத மாலுமிகள். மன்னர், கொள்ளையர், நிறுவனம், மாநிலம் என்று உரிமை கொண்டாடியோர் வரிசையில் இவ்விருவருக்கும் இடமே இல்லை.

1989-இல் இந்தக் கப்பல்களுள் ஒன்றின் இடிபாட்டில் நுண்ணிய பொற்கம்பி வேலைப்பாடு ஒன்று கிடைத்தது. அதன் ஒரு பகுதி காணப்படவில்லை. 25 ஆண்டுகளுக்குப் பின் 2014-இல் வேறொரு துண்டு கிடைத்தபோது, இரண்டும் இம்மியும் பிசகாமல் பொருந்தின. நற்கருணை வைக்கும் சிறு சிமிழ் அது என்று அறிஞர் கருதினர். புயல் முற்றிய அந்த இரவில் எந்தக் குருவின் கையில் அது இருந்ததோ, எந்த மாலுமி அதனை நோக்கி மண்டியிட்டானோ, எந்தக் கருவியும் சொல்லாது. கருவி ஒலித்த இடத்தில் குனிந்து தோண்டுகிறவர் எடுப்பது பொருளை மட்டுமன்று. ஒருவர் இழந்துபோன ஒன்றை. அதை அறிந்து எடுப்பவரே மீட்பவர்; அறியாமல் எடுப்பவர், அன்று வந்த ஜெனிங்ஸின் கூட்டத்தோடு காலங்கடந்து சேர்ந்துகொள்பவரே.